இரண்டு புள்ளி வைத்த வீடு

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். சிங்கம் பார்த்தாயா என்பது ஒன்று. அங்கே உனக்கு என்னதான் வேலை என்பது இன்னொன்று. சிங்கம் பார்க்கவில்லை. ஜாம்பியாவின் தென்பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சோளக்காட்டு ஊரில், அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வட்டாரத்தை முன்னேற்றுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். அந்த வட்டாரத்தில் பிறக்காதவன், அதன் மொழியில் தண்ணீர் கேட்பதற்கு மேல் பேசத் தெரியாதவன், சோளம் எந்த மாதம் விதைப்பார்கள் என்பதை மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறவன். இப்படிப்பட்ட ஒருவனைக் கடல் தாண்டித் தேடிப் பிடித்து அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளமும் தவறாமல் வருகிறது.

இங்கே என் பெயர் மிஸ்டர் மாகறல். வந்து இறங்கிய அன்று குடியேற்ற அலுவலகப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் அது கிடையாது என்று விளக்கினேன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அந்தக் குமாஸ்தா என் முதலெழுத்து எதற்கு என்று கேட்டார். பிறந்த ஊர் என்றேன். எழுதிக்கொண்டார். சபாபதி என்பது போன இடம் தெரியவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் சிவன் கோயிலும் நெல்வயலுமாக இருக்கிற எங்கள் கிராமம், தினமும் காலையில் இங்கே ஆசிரியர் அறையில் ஆஜர் கொடுக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பில், விவசாயக் கண்காட்சிக்கு ஒரு வரைபடம் தயார் செய்யச் சொன்னேன். தங்கள் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். கண்காட்சிக்கு நகராட்சி அதிகாரிகள் வருவார்கள் என்பதையும் பெருமையாகச் சொன்னேன். கடைசி வரிசையில் முதிந்தா என்ற பெண் கையைத் தூக்கினாள். பதினாறு வயது இருக்கும். தேவை இல்லாமல் பேசாதவள்.

"சார், சில வீடுகளில் பெண்கள் லைசென்ஸ் இல்லாமல் சோள பீர் காய்ச்சி விற்கிறார்கள். அந்த வீடுகளையும் போட வேண்டுமா?"

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நின்றது. இதே கேள்வியை ஒரு பெண் என்னிடம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அப்போது ஒரு நொடி கூட யோசிக்காமல் பதில் சொன்னேன்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். என் ஆசிரிய வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான பதில்களில் அது ஒன்று.

2

காஞ்சிபுரத்தில் நான் சமூகப் பாட ஆசிரியன். மாகறலிலிருந்து தினமும் பஸ். எங்கள் குடும்பம் ஏர் பிடித்த குடும்பம். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. நிறையப் படித்திருந்தேன் என்பதுதான் வினையாகப் போயிற்று. கூட்டுறவு இயக்கம், கிராமப் பொருளாதாரம், வெளிநாட்டில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய கணக்கெடுப்பு என்று நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் விழுங்கியிருந்தேன். மாணவர்களுக்கு அவர்கள் தெருவின் பொருளாதாரத்தை அவர்களைக் கொண்டே கண்டுபிடிக்க வைக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

நாற்பது பிள்ளைகள் உள்ள பத்தாம் வகுப்பு. முக்கால்வாசி நெசவுக் குடும்பங்கள். காடாத் துணியில் நெசவுத் தெருக்களை எல்லாம் பெரிதாக வரைந்தோம். கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிற தறி என்றால் சிவப்பு மையில் புள்ளி. தனியார் முதலாளிக்கு நெய்கிற தறி என்றால் நீலம். பென்சிலின் பின்பக்கத்தை மையில் தோய்த்து வைத்தால் புள்ளி வட்டமாக விழும். அதைக் கண்டுபிடித்தது நான்தான். அந்த ஒன்றில் இன்றைக்கும் எனக்குக் குறை இல்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது இது. சங்கம் உறுப்பினர்களுக்குப் பட்டும் சரிகையும் கொடுக்கும். சில மாதங்களில் சரக்கு வராது. தறி சும்மா கிடந்தால் வீடும் சும்மா கிடக்க வேண்டியதுதான். அதனால் பல வீடுகளில் இரண்டாவதாக ஒரு தறி, முதலாளிக்காக. சங்கத்தின் விதிப்படி உறுப்பினர் வெளியாளுக்கு நெய்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். தெரு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. அந்த இரண்டாவது தறியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிடுவார்கள். மூடிய தறி இல்லாத தறி. சங்கத்திலிருந்து வருகிறவர் அதற்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்து காபி குடிப்பார். மழை வருமா என்று பேசுவார். எழுந்து போவார். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

தேவகி என்று ஒரு பெண். வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்கு இல்லை, ஆனால் நான் சொன்னதை எல்லாம் நிஜமாக நம்புகிறவள். அந்த வயதில் எந்த ஆசிரியனுக்கும் அப்படி ஒரு மாணவி கிடைப்பது போதை. அவள்தான் எழுந்து கேட்டாள்.

"மூடுன தறியும் எழுதணுமா சார்?"

வகுப்பில் சிரிப்பு. ஏதோ விவரம் கெட்ட கேள்வி என்று சிரிக்கிறார்கள் என நினைத்தேன். அவர்கள் சிரித்தது என் பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்ததால்.

"மூடினாலும் தறி தறிதானம்மா. துணியைத் தூக்கிப் பார்த்து எழுது. கண்ணால் பார்த்ததை மறைத்தால் அது கணக்கெடுப்பு இல்லை" என்றேன்.

3

நடுவில் வீட்டு நிலவரம். என் மகனுக்கு ஒன்பது வயது. பந்து விளையாடும் இடத்தில் இந்த ஊர் மொழியான டோங்கா பேசுகிறான், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. போன வாரம் அவன் பள்ளியில், அப்பாவின் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்களாம். காஞ்சிபுரத்தில் கோபுரங்கள் உற்பத்தியாகின்றன, பட்டு வயலில் விளைகிறது என்று எழுதியிருந்தான். திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"நீங்க விடுங்க. ஊரைப் பத்தி நீங்க திருத்தி எழுதினது போதும்" என்றாள் என் மனைவி சரோஜா, சோள மாவைக் கிளறிக்கொண்டே.

அவள் ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறவள் அல்ல.

இந்த மாதம் எனக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதமும் கூட. நான்கு பிரதி, நான்கிலும் புகைப்படம், நான்கிலும் மிஸ்டர் மாகறல். 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதுகிறேன்: நெசவாளர் பகுதியில் மாணவர்களைக் கொண்டு பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தி, துறை அதிகாரியின் எழுத்து மூலமான பாராட்டைப் பெற்றவர். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்த வரிதான். இப்போது இரண்டு நாளாக அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

4

பள்ளி ஆண்டு விழாவில் அந்த வரைபடத்தைச் சுவர் நிறைய மாட்டினோம். நாற்பது பேர் வைத்த புள்ளிகள். ஒவ்வொரு வீட்டிலும் சிவப்போ நீலமோ ஏதாவது ஒன்று. ஒரே ஒரு வீட்டில் மட்டும் சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில்.

இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், முப்பத்தொன்பது பேர் சோம்பேறிகள், ஒருத்தி மட்டும் உழைத்திருக்கிறாள் என்று. முதல் பரிசு தேவகிக்கு. மேடையில் கூப்பிட்டு ஒரு அகராதி கொடுத்தேன்.

கூட்டுறவுத் துறையிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் குச்சியோடு பக்கத்தில் நின்று விளக்கினேன். அவருடைய விரல் அந்த வீட்டில் போய் நின்றது.

"இது என்ன, ரெண்டு கலரு?"

"அந்த வீட்டில் ஒரு தறி சங்கத்துக்கு, ஒரு தறி வெளியே, சார்."

"சங்க மெம்பரா? நிச்சயமா?"

"மூன்று முறை சரிபார்த்தது, சார்" என்றேன். நான் ஒரு முறை கூடப் பார்க்கவில்லை.

"யாரு வூடு?"

வரைபடத்துக்குப் பக்கத்தில் அகராதியை மார்போடு அணைத்தபடி நின்றவள் சொன்னாள்: "எங்க வூடு சார்."

அந்த நிமிடம் பின்னால் நின்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு அமைதி விழுந்தது. அதிகாரியின் ஆர்வத்துக்குக் கூட்டம் கொடுத்த மரியாதை என்று அதையும் என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன். அதிகாரி என் கையைக் குலுக்கினார். ஒரு வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. அதே வாரத்தில் சங்கத்திலிருந்து தேவகியின் அப்பா ஏகாம்பரத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று.

5

ஏகாம்பரம் பள்ளிக்கு வந்தார். மதிய இடைவேளை. செருப்பை வகுப்பு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வராந்தாவில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒரு ஒத்தாச பண்ணணும் சார்."

"சொல்லுங்க."

"பொண்ணு அவசரத்துல ரெண்டு மையும் ஒரே வூட்டுல வச்சிடுச்சு, வாத்தியாரு கவனிக்கல, அப்டின்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். சங்கத்து செகரட்டரி வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கீறாரு. என் பேர எடுக்கிறதுல அவருக்கும் இஷ்டமில்ல. ஆபீசரு கண்ணுல பட்டுட்டுது, இன்னா பண்றது?"

"ஆனா ரெண்டு தறி இருக்குது இல்லையா?"

"இருக்குது சார். ஊருக்கே இருக்குது."

"அப்ப என்னைப் பொய் எழுதச் சொல்றீங்க."

"பொய்யின்னு ஏன் சார் சொல்றீங்க. புள்ளைங்க தப்பு பண்றதில்லையா? அந்தக் கணக்குல ஒண்ணு."

நான் பேச ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை, மணி அடித்த பிறகும் பேசினேன். உண்மையைப் பற்றி, ஆசிரியனின் பொறுப்பைப் பற்றி, இப்படி ஒவ்வொருவரும் மூடி மறைப்பதால்தான் கூட்டுறவு இயக்கம் வளரவில்லை என்பதைப் பற்றி. அவர் குறுக்கே பேசவில்லை. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார், பாடம் கேட்கிறவர் போல.

"நீங்க சொல்றது நாயந்தான் சார்" என்றார் கடைசியில். செருப்பைப் போட்டுக்கொண்டு, மறந்ததைச் சொல்ல வந்தவர் போலத் திரும்பினார். "நான் வந்தது பொண்ணுக்குத் தெரிய வாணாம்."

இதுவரை எழுதியதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் மேஜை இழுப்பறையில் வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அதனுடன் இணைக்க ஒரே ஒரு சான்றுதான் என்னிடம் இருந்தது, அதிகாரியின் பாராட்டு. அந்த வரைபடம் தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பாராட்டுக்கு என்ன மதிப்பு? இந்த யோசனை எனக்கு அப்போது வந்ததா என்று கேட்டால், வந்தது. முதலில் வந்ததே அதுதான். உண்மை, பொறுப்பு, கூட்டுறவு இயக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

அன்று வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் மெச்சுவாள் என்று எதிர்பார்த்துச் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"நாலு வரி எழுதினா உங்க கை சுளுக்கிக்குமா?" என்றாள்.

6

சங்கத்தில் ஏகாம்பரத்தின் பெயர் போயிற்று. நூல் வருவது நின்றது. அதிகாரியின் கண் பட்ட வீட்டில் தறி வைத்துக் கொடுக்க, இரண்டாவது தறியின் முதலாளியும் தயங்கினார். என் கொட்டகையில் வந்து நெய்யுங்கள் என்றார்.

காஞ்சிபுரம் சேலை நெய்கிற விதம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கிற கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக்கட்டையைக் குறுக்கே போட வேண்டும். ஏகாம்பரத்துக்கு அந்த இன்னொருவர் தேவகி. வீட்டில் தறி இருந்தவரை விடிகாலையில் உட்கார்ந்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடி வந்துவிடுவாள். கொட்டகை அப்படி இல்லை. காலை முதல் மாலை வரை. அப்பா போகிற நேரம்தான் மகளுக்கும்.

நான்கு நாள் அவள் வரவில்லை. பத்து நாள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே வரிசையாக வராதவள் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு நாள் விதிப்படி அந்தப் பெயரின் மேல் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராக.

பிள்ளைகள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தக் கேள்வி கேட்டாலும் எனக்குப் பிடித்த பதிலை மட்டும் சொன்னார்கள். அந்த வருடம் என் வகுப்பில் தேர்ச்சி நன்றாக இருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு, பாஸ்போர்ட் வந்து, பம்பாயில் கப்பல் ஏறினேன். மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

7

முதிந்தாவுக்குப் பதில் சொல்வதாகச் சொன்ன மறுநாள் வகுப்புக்குள் போனேன். பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். பீர் காய்ச்சுகிற வீடுகளை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம், ஏன் என்று கேட்டால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது திட்டம்.

அதற்குள் அவர்களாகவே போய் வந்துவிட்டார்கள். மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில் புள்ளிகளை விட வெள்ளை இடம் அதிகம்.

"ஏன் இத்தனை வீடுகள் காலியாக இருக்கின்றன?" என்றேன்.

முதிந்தா சொன்னாள்: "ஒவ்வொரு வீட்டிலும் கேட்டோம் சார். போடலாம் என்றவர்களைப் போட்டோம். வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டோம்."

"கேட்கச் சொல்லி யார் சொன்னது?"

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: "அது அவர்கள் வீடு, சார்."

வரைபடம் அரைகுறையாக இருக்கிறதே, மிஸ்டர் மாகறல், என்றார் எங்கள் தலைமை ஆசிரியர். ஆமாம் என்றேன். காஞ்சிபுரத்தில் நாற்பது பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பியபோது அந்த வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் படித்த புத்தகங்களிலும் அது இல்லை. இருந்திருந்தால் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன்.

8

இனி எழுதப் போவதைச் சரோஜாவிடமும் சொன்னதில்லை.

போன வருடம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்தார்.

"யாரு, சபாபதி சாரா? ஃபாரின்லருந்து எப்ப வந்தீங்க?"

அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரரிடம், எங்க பொண்ணுக்கு வாத்தியாரு, என்று பெருமையாகச் சொன்னார். அவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று கப்பலிலேயே மூன்று வாக்கியம் தயார் செய்து, வருடா வருடம் மெருகேற்றி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள், "பொண்ணக் கூரத்துல குடுத்துக்கீறேன் சார். அங்கதான் போய்க்கினு இருக்கேன். நீங்களும் வாங்க, பார்த்தா சந்தோசப்படுவா" என்று கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க சார். அவகிட்ட நான் ஒரு பொய் சொல்லிக்கீறேன். நீங்க காயிதம் எழுதிக் குடுத்தீங்க, ஆபீசருதான் ஒத்துக்கலன்னு. நீங்களும் அப்டியே சொல்லிடுங்க."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ஒங்களப் பத்தி ஒரு நெனப்பு வச்சிக்கினு இருந்தா சார். தறி போச்சு. படிப்பு போச்சு. அதுவும் போவணுமா?"

என் மூன்று வாக்கியங்களும் அந்த இடத்தில் தீர்ந்தன. மன்னிப்புக் கேட்டால் அது எனக்கு ஆறுதலாக இருக்கும். அவளுக்கு மிச்சம் இருந்த ஒன்றைப் பிடுங்கியதாகவும் இருக்கும். நான் எழுதாத கடிதத்தை எழுதியதாகச் சொல்லித்தான் அவளுக்கு என்னால் இனிமேல் ஏதாவது செய்ய முடியும். அதையும் எனக்காக அவர் எட்டு வருடத்துக்கு முன்பே செய்துவிட்டிருந்தார்.

தேவகி இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் குழந்தையை இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள், வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்பது போல. மோர் கொடுத்தாள். வீட்டுக்காரர் கழனிக்குப் போயிருக்கிறார் என்றாள். பிறகு கேட்டாள்.

"அங்க புள்ளைங்க நல்லா படிக்குதுங்களா சார்? மேப்பு போட வக்கிறீங்களா?"

"வைக்கிறேம்மா."

"கரெக்டா போடச் சொல்லுங்க சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"அப்பா சொன்னாரு சார், எனக்காவ நீங்க காயிதம் எழுதினீங்கன்னு. அவங்க ஒத்துக்கல, நீங்க இன்னா பண்ணுவீங்க? பண்ணினீங்களே, அது போதும்."

ஏகாம்பரம் குழந்தையின் அரைஞாண் கயிற்றைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

"ஆமாம்மா. எழுதினேன்" என்றேன்.

பாடம் நடத்துகிற குரலிலேயே வந்தது.